மாரத்தான் டைம்ல ரோடு எவ்ளோ, வெயில் எவ்ளோ?

மாரத்தான் ஓடுற ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வியே "உங்க டைம் என்ன"ங்கறதுதான். எங்க ஓடினீங்க, அன்னிக்கு வெயில் எப்படி இருந்துச்சுன்னு பெரும்பாலும் யாரும் கேக்கறதில்ல. தூரம் எங்க போனாலும் 42.195 கிலோமீட்டர்தானே, அப்ப டைமையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரு வேகம்னு சொல்லிடலாம்னு ஒரு நினைப்பு. டிராக்ல ஓடுற ஓட்டத்துக்கு அது ஓரளவுக்கு சரி, ரோட்டுக்கு சரிப்பட்டு வராது.

கென்யா மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவையே எடுத்துக்குங்க. 2022 செப்டம்பர்ல பெர்லின்ல 2:01:09, அப்ப அது உலக சாதனை. ஏழு மாசம் கழிச்சு 2023 ஏப்ரல்ல பாஸ்டன்ல ஓடி 2:09:23, ஆறாவது இடம். சரி மனுஷன் முடிஞ்சாரு, வயசாயிடுச்சுன்னு எல்லாரும் எழுதி முடிக்கறதுக்குள்ள அதே வருஷம் செப்டம்பர்ல திரும்ப பெர்லின் போய் 2:02:42ல ஜெயிச்சாரு. இன்னும் சுவாரஸ்யம் லண்டன்: 2018ல அங்க 2:04:17, அடுத்த வருஷம் அதே கோர்ஸ்ல 2:02:37, ரெண்டு வருஷமும் ஜெயிச்சது அவர்தான். 2018 லண்டன் மாரத்தான் நாள்ல வெப்பம் 24.1 டிகிரி வரைக்கும் போச்சு, அந்த ரேஸோட வரலாற்றுலயே சூடான நாள் அதுதான். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான்ல தங்கம் வாங்கினப்ப அவர் டைம் 2:08:38.

ஒரு ஆளோட ஃபார்ம் ஏறும் இறங்கும், ஒலிம்பிக்ல பேசர் (வேகம் பிடிச்சுக் கொடுக்க கூட ஓடறவர்) கிடையாது, அங்க எல்லாரும் மெடலுக்குத்தான் ஓடுவாங்க, டைமுக்கு இல்ல, இதெல்லாம் ஒத்துக்கறேன். பாஸ்டன்ல கால்ல பிரச்சினை இருந்துச்சுன்னும் அவரே சொன்னாரு. ஆனா எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பாத்தாலும் ரோடும் வானிலையும் சேந்து நிமிஷக்கணக்குல விளையாடுதுன்னு தெரியுது, அதுவும் உலகத்துலயே சிறந்த ஆளுக்கே. நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் ஓடுற நமக்கு இது அதைவிட பெருசா இருக்கும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

என் கணக்குல ஓடுறவங்க மேட்டைப் பத்தி தேவைக்கு மேல பேசறாங்க, வெயிலைப் பத்தி தேவைக்கு கம்மியா பேசறாங்க. ஆனாலும் முதல்ல ரோட்டை முடிச்சுடலாம்.

கோர்ஸ்னாலே எல்லாரும் பாக்கறது எலிவேஷன் சார்ட் (எங்க ஏத்தம் எங்க இறக்கம்னு காட்டற படம்) தான். பெர்லின் ஏன் சாதனைக்குப் பேர் போனதுன்னா அந்த சார்ட்டைப் பாத்தாலே புரியும், கடல் மட்டத்துலேருந்து 38 மீட்டர்ல ஆரம்பிச்சு முழு ஓட்டத்துலயும் 53 மீட்டரைத் தாண்டறதில்ல. இந்தப்பக்கம் பாஸ்டன் ஒரு வேடிக்கையான கேஸ். அது ஒரு ஊர்ல ஆரம்பிச்சு இன்னொரு ஊர்ல முடியற கோர்ஸ், ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 140 மீட்டர், மொத்தமா பாத்தா இறக்கம். அப்ப ஈசியா இருக்கணுமே, ஆனா உலகத்துல கஷ்டமான பெரிய மாரத்தான்னு கேட்டா முதல்ல வர்ற பேர்கள்ல அதுவும் ஒண்ணு.

காரணம் அந்த இறக்கம் வர்ற இடம். பாதிக்கு மேல இறக்கம் ஆரம்பத்துலயே வந்துடுது, உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கு, வாரக்கணக்கா டேப்பர் பண்ணி (பயிற்சியைக் குறைச்சு) கால் துறுதுறுங்குது, பேஸ், அதாவது ஓடுற வேகம், தானா வருது, இன்னிக்கு நம்ம நாள்னு தோணும். இறங்கி ஓடும்போது தொடை முன்பக்கத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடற வேலை செய்யுது, ஒவ்வொரு அடியிலயும் உடம்பு எடையைத் தாங்கி நிறுத்தணும், அந்த மாதிரி வேலைதான் தசை நாரை அதிகமா கிழிக்கும். மூச்சு வாங்காது, ஹார்ட் ரேட் ஏறாது, அதனால சேதம் நடக்கறதே தெரியாது. சுமார் 26லேருந்து 33 கிலோமீட்டர் வரைக்கும் நியூட்டன் மேடுகள் நாலு வரும், கடைசி ஹார்ட்பிரேக் ஹில். உயரம் 30 மீட்டர் கூட இல்ல, தனியா ஒரு காலை நேரத்துல போய் ஏறினா இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு கேப்பீங்க. ஆனா அது வர்றது 32 கிலோமீட்டர் கிட்ட, தசையில சேத்து வெச்ச எரிபொருளான கிளைக்கோஜன் தீர்ற நேரத்துல, ஏற்கனவே இறங்கி இறங்கி அடிவாங்கின தொடையோட. மேட்டோட உயரத்தை மட்டும் பாத்து கோர்ஸ் கஷ்டத்தை சொல்லவே முடியாது, அது எத்தனாவது கிலோமீட்டர்ல வருதுங்கறதுதான் பாதி கணக்கு. கிப்சோகே அந்த 2023 ரேஸ்ல லீட் குரூப்பை விட்டு பின்தங்கினதும் அந்த நியூட்டன் பகுதியிலதான்.

நியூயார்க் இதுக்கு நேர்மாறு. கோர்ஸோட உச்சியே முதல் மைல்ல, வெரசானோ பாலத்து மேல வந்துடுது, அப்ப யாருக்கும் அது மேடுன்னே உறைக்காது. அப்புறம் பாதி தாண்டி குவீன்ஸ்போரோ பாலம், அங்க கைதட்ட ஆளே இருக்காது, காலடி சத்தம் மட்டும்தான். கடைசியா சென்ட்ரல் பார்க்குக்கு முன்னாடி ஃபிஃப்த் அவென்யூல ஒரு ஏத்தம், கண்ணுக்கு கிட்டத்தட்ட சமதளமா தெரியற ஏத்தம், அதுதான் பலரோட டைமை முழுங்குது.

ஏறினா இழக்கறது இறங்கினா திரும்ப வந்துடும், சமமாயிடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. வராது. ஏறும்போது எடையைத் தூக்க கூடுதல் சக்தி வேணும், இறங்கும்போது அந்த சக்தி முழுசும் வேகமா மாறாது, கொஞ்சம் பிரேக் போடறதுலயே போயிடும், செங்குத்தா இருந்தா இன்னும் அதிகமா போகும். மிதமான சரிவுலயே இழந்ததுல ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும். இதுல ஆளுக்கு ஆள் வித்தியாசமும் நிறைய, இறங்கறது ஒரு தனி திறமை, பழகாதவங்க இறக்கத்துல கூட நேரம் விடுவாங்க.

அப்ப நல்ல நீளமான மிதமான இறக்கமா ஒரு கோர்ஸ் போட்டுட்டா? போட்டாங்க, போட்டுக்கிட்டே இருக்காங்க. மலை மேல பஸ்ல கூட்டிட்டுப் போய் விட்டு கீழ வரைக்கும் ஓட விடற மாரத்தான்கள் உண்டு, கூட்டமும் அள்ளும். அதனாலதான் உலக சாதனைக்கு உலக தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் ரெண்டு கட்டுப்பாடு வெச்சிருக்கு: ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது மாரத்தானுக்கு 42 மீட்டர், அப்புறம் ஆரம்பமும் முடிவும் நேர்கோட்டுல ஓட்ட தூரத்துல பாதிக்கு மேல தள்ளி இருக்கக்கூடாது. ரெண்டாவது விதி காத்துக்காக, ஒரே திசையில போற கோர்ஸ்ல பின்காத்து முழு தூரமும் தள்ளிவிட்டுடும். பாஸ்டன் இந்த ரெண்டுலயும் ஃபெயில்.

இது ஏட்டு விதி இல்லைன்னு 2011ல காட்டுச்சு. அந்த வருஷம் பாஸ்டன்ல நல்ல பின்காத்து, ஜெஃப்ரி முடாய் 2:03:02ல ஓடினாரு. அப்ப உலக சாதனை ஹைலே கெப்ரசெலாசியோட 2:03:59, அதைவிட 57 செகண்ட் வேகம், ஆனா சாதனையா ஏத்துக்கல. அதே செப்டம்பர்ல பெர்லின்ல பேட்ரிக் மகாவு 2:03:38 ஓடினாரு, அது உலக சாதனையாச்சு. அடுத்த வருஷம் பாஸ்டன்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தா இன்னும் தமாஷ், அதே ரோடு, அதே மேடு, ஆனா வெப்பம் 30 டிகிரி கிட்ட. ஜெயிச்ச வெஸ்லி கோரிர் டைம் 2:12:40. முடாய் ஓட்டத்தை முடிக்கவே இல்ல. ஒரு வருஷத்துல ஒரு செங்கல் கூட மாறாத கோர்ஸ்ல வின்னர் டைம் 9 நிமிஷம் 38 செகண்ட் மாறியிருக்கு.

இப்ப பாஸ்டன்காரங்களே இறக்க கோர்ஸ் மேல கை வெச்சுட்டாங்க. 2027 ரேஸுக்கு தகுதி பெறற டைமுக்கு, 1500 அடிக்கு மேல மொத்த இறக்கம் இருக்கற மாரத்தான்ல ஓடியிருந்தா 5 நிமிஷம் கூட்டிடுவாங்க, 3000 அடிக்கு மேலன்னா 10 நிமிஷம், 6000 அடிக்கு மேல போனா அந்த டைம் செல்லவே செல்லாது. பாஸ்டனோட சொந்த இறக்கம் 460 அடி கிட்ட, அதனால அவங்களுக்கு வசதியான இடத்துலதான் கோடு கிழிச்சிருக்காங்கன்னு கிண்டல் பண்றவங்களும் இருக்காங்க. எனக்கென்னவோ நியாயமான முடிவாதான் படுது.

மேடு இருந்தா டைம் வராதுன்னும் முடிவு கட்டிட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கோர்ஸ்ல மொத்த ஏத்தம் 436 மீட்டர், செங்குத்தான இடத்துல சரிவு 13.5 சதவீதம். ஒலிம்பிக் மாரத்தான்கள்லயே கஷ்டமானதுல ஒண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா தமிரத் தோலா 2:06:26, சிஃபான் ஹசன் 2:22:55, ரெண்டும் ஒலிம்பிக் சாதனை. முந்தின ஒலிம்பிக் மாரத்தான்கள்ல பல புழுக்கத்துலயும் வெயில்லயும் நடந்தவை, அதையும் சேத்துப் பாத்தா இது புதிர் இல்ல. ஆயிரக்கணக்கான மணி நேரம் மேட்டுல பயிற்சி எடுத்தவங்களுக்கு மேடு ஒரு தெரிஞ்ச எதிரி, வெப்பம் அப்படி இல்ல.

ரோட்டைப் பத்தி சின்ன விஷயங்கள் சிலது. கோர்ஸ் அளக்கறது அளவு சரிபார்த்த சைக்கிள்ல, வளைவுகள்ல ஓரத்துலேருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருக்கறதுலயே குட்டையான பாதையில. குறைஞ்சுடக்கூடாதுன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு, அதாவது 42 மீட்டர் கூட சேத்துடுவாங்க. கூட்டத்துல வளைவை வெளிப்பக்கமா சுத்தி, ஆட்களை தாண்ட இடதும் வலதும் பாஞ்சு ஓடற ஆளு 42.6, 42.8 ஓடிட்டு வாட்ச்சைக் காட்டி கோர்ஸ் நீளம்னு சண்டைக்கு வருவாரு. கோர்ஸ் சரிதான், அவர் ஓடின பாதைதான் நீளம் (வாட்ச்சும் உயரமான கட்டடத்துக்கு நடுவுல கொஞ்சம் கதை விடும்). 600 மீட்டர் கூடுதல்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் எடுக்கற ஆளுக்கு மூணரை நிமிஷம், ஒரு மேட்டோட விலை. அப்புறம் யூ-டர்ன், கூர்மையான திருப்பம், கல்லு பதிச்ச ரோடு, ஓரத்துல சரியற ரோடு எல்லாம் தனித்தனியா பாத்தா சில செகண்ட்தான், ஆனா ரிதம் உடையறது எண்ணிக்கையில வராது. சரிஞ்ச ரோட்டுல ஒரே பக்கமா மணிக்கணக்கா ஓடினா ஒரு பக்க இடுப்பும் முட்டியும் மட்டும் வலிக்கும், முடிஞ்சா நடு ரோட்டுக்கு வந்துடுங்க.

இனி வெயில்.

ஓடும்போது உடம்பு செலவழிக்கற சக்தி தோராயமா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கிலோகலோரி. அதுல கால் பங்கோ அதுக்கும் கம்மியோதான் ஓட்டமா மாறுது, மிச்சமெல்லாம் சூடு. உடம்போட வெப்பக் கொள்ளளவை வெச்சு கணக்குப் போட்டா, அந்தச் சூடு வெளிய போகவே இல்லைன்னா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உடம்பு வெப்பநிலை கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். எடை என்னவா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ரெண்டு பக்கமும் எடை அடிபட்டுப் போயிடும். 37ல ஆரம்பிச்சு நாலு கிலோமீட்டர்ல 41, அங்கேயே ஆட்டம் முடிஞ்சுடும். அதனால மாரத்தான் ஓடறதுங்கறதே 42 கிலோமீட்டருக்கு விடாம சூட்டை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கற வேலை, அந்த வேலையை காத்து எவ்ளோ ஈசியாக்குதுங்கறதுதான் வானிலை.

குளிரா இருந்தா தோல்லேருந்து சூடு நேரடியா காத்துக்குப் போயிடும். காத்து வெப்பம் தோல் வெப்பத்தை நெருங்க நெருங்க அந்த வழி அடைபடும், வியர்வை ஒண்ணுதான் மிச்சம். வியர்வை வழிஞ்சா மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகணும், ஒரு லிட்டர் முழுசா ஆவியானா 580 கிலோகலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும். தரையில சொட்டற வியர்வை வெறும் நஷ்டம், தண்ணியும் போச்சு உப்பும் போச்சு, குளிர்ச்சியும் வரல. காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சு இருந்தா ஆவியாக இடமில்ல, அதனாலதான் ஹியூமிடிட்டி இவ்ளோ கொடுமை.

ஹியூமிடிட்டி சதவீதத்தை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. விடிகாலை 10 டிகிரியில 95 சதவீதம்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல, குளிர்ந்த காத்தால மொத்தமே கொஞ்சம் ஈரம்தான் தாங்க முடியும். 26 டிகிரியில 80 சதவீதம்னா அது வேற உலகம். அதனால அனுபவஸ்தங்க டியூ பாயிண்ட் பாப்பாங்க, அதாவது காத்துல இருக்கற ஈரம் பனியா படிய ஆரம்பிக்கற வெப்பநிலை. அது 10க்கு கீழன்னா நிம்மதி, 15க்கு மேல போனா பேஸை யோசிக்கணும், 20க்கு மேலன்னா டைம் டார்கெட்டை மறந்துடறது நல்லது. இது கறாரான விதி கிடையாது, ஒரு கைக்கணக்கு.

ரேஸ் நடத்தறவங்க பயன்படுத்தறது டபிள்யூபிஜிடின்னு ஒரு அளவு. ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டருக்கு 70 சதவீத எடை, வெயில்ல வெச்ச கறுப்பு உருண்டைக்குள்ள இருக்கற தெர்மாமீட்டருக்கு 20, சாதா நிழல் வெப்பத்துக்கு வெறும் 10. 1950கள்ல அமெரிக்க மரைன் பயிற்சி முகாம்ல வெயில்ல வீரர்கள் சுருண்டு விழுந்ததைத் தடுக்க வந்த கணக்கு இது. அந்த எடைகளைப் பாத்தாலே விஷயம் புரியும், நாம போன்ல பாக்கற வெப்பநிலைக்கு இதுல பத்து சதவீத மரியாதைதான், ஈரமும் நேரடி வெயிலும்தான் ராஜா. மேகம் மூடின 24 டிகிரியும் நிழலே இல்லாத ரோட்டுல சுட்டெரிக்கற 24 டிகிரியும் ஒண்ணில்ல, இங்கதான் கோர்ஸும் வானிலையும் கை கோக்குது, மரமும் கட்டடமும் இருக்கற ரோடு மேடா இருந்தாலும் வெயில் நாள்ல தப்பிக்கலாம், திறந்தவெளி சமதளம் வறுத்தெடுத்துடும்.

உடம்புக்குள்ள என்ன ஆகுதுன்னா, ரத்தம் ரெண்டு பேருக்கு பங்கு போடணும், தசைக்கு ஆக்சிஜன் கொண்டு போகணும், தோலுக்கு சூட்டைக் கொண்டு போகணும். வியர்வையில தண்ணி போகப்போக ரத்த அளவும் குறையும், ஒவ்வொரு துடிப்புக்கும் பம்ப் ஆகறது கம்மியாகும், அதனால அதே பேஸ்க்கு ஹார்ட் ரேட் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போகும். பத்தாவது கிலோமீட்டர்ல சுகமா இருந்த பேஸ் முப்பதாவதுல உயிரை வாங்கறது இதனாலதான், அப்ப கிளைக்கோஜனும் வழக்கத்தை விட சீக்கிரம் தீர்ந்திருக்கும். வெயில்ல சுவர்ல மோதறது, அதாவது கிளைக்கோஜன் தீர்ந்து திடீர்னு தெம்பு போயிடறது, முன்கூட்டியே வரும்.

2019 தோஹா உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானை வெயிலுக்கு பயந்து நள்ளிரவுல ஆரம்பிச்சாங்க. சூரியன் இல்ல, ஆனா வெப்பம் 30 டிகிரிக்கு மேல, ஹியூமிடிட்டி 70 சதவீதத்துக்கு மேல. 68 பேர் ஓட ஆரம்பிச்சு 28 பேர் முடிக்கல, ஜெயிச்ச டைம் 2:32:43. நாட்டுக்கு நாடு பொறுக்கி எடுத்த ஆட்கள், கோர்ஸும் சமதளம், அப்பவும் இந்த நிலைமை. அதைப் பாத்து மிரண்டுதான் அடுத்த ஒலிம்பிக் மாரத்தானை டோக்கியோலேருந்து வடக்கே சப்போரோவுக்கு தூக்கிட்டுப் போனாங்க, அங்கயும் வெயில் விடல, பெண்கள் ஓட்டத்தை முந்தின நாள் ராத்திரி அறிவிச்சு ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. ஆண்கள்ல 106 பேர் ஆரம்பிச்சு 30 பேர் முடிக்கல. கிப்சோகே 2:08:38ல ஜெயிச்சது இந்த ஓட்டத்துலதான், அந்த நம்பரை பெர்லின் டைம் பக்கத்துல வெச்சா ஸ்லோவா தெரியும், அன்னிக்கு ரெண்டாவதா வந்தவரை விட ஒண்ணே கால் நிமிஷத்துக்கு மேல முன்னாடி.

மெதுவா ஓடறவங்களுக்கு ஏன் அதிக அடின்னு சொல்றேன்னேன். சூடு உண்டாகற வேகம் மெதுவா ஓடினா கம்மிதான், அதனால நமக்கு லாபம்னு தோணலாம். ஆனா ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துல முடிக்கற ஆளு காலைக் குளிர்ச்சியிலயே வீட்டுக்குப் போயிடுவாரு, அஞ்சு மணி நேர ஆளு அந்நேரம் பாதி தூரம் கூட வந்திருக்க மாட்டாரு, அவரோட மிச்ச பாதி முழுக்க ஏறுற வெயில்ல. பெரிய ரேஸ்ல வேவ் வேவா, அதாவது கூட்டத்தைப் பிரிச்சு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா விடறதால அவர் ஆரம்பிக்கறதே ஒரு மணி நேரம் லேட். ஓடுற வேகமே சொந்தமா உண்டாக்கற காத்து, 21 கிலோமீட்டர் வேகத்துல ஓடறவருக்கு முகத்துல நல்ல காத்து, நமக்கு அதுல பாதி கூட இல்ல, சுத்தி நெருக்கியடிச்ச கூட்டம் வேற. எலீட் ஆட்கள், அதாவது முன்வரிசை வேகக்காரங்க, பொதுவா ஒல்லி, எடைக்கு தோல் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் வெளிய போகும். வெவ்வேற மாரத்தான்களோட ரிசல்ட்டை அலசின ஆய்வுகளும் இதைத்தான் காட்டுது, வெப்பம் ஏற ஏற எல்லாருமே ஸ்லோ ஆகறாங்க, பின்னாடி வர்றவங்க சதவீதக் கணக்குலயே அதிகம் ஸ்லோ ஆகறாங்க. 2001லேருந்து 2010 வரைக்கும் பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் மாரத்தான்கள்ல முடிச்ச கிட்டத்தட்ட 18 லட்சம் ரிசல்ட்டைப் பாத்த ஒரு ஆய்வுல, வேகமா ஓட ஏத்த வெப்பநிலை ஆளோட லெவலைப் பொறுத்து சுமார் 4லேருந்து 10 டிகிரிக்குள்ள வந்துச்சு. நின்னுக்கிட்டு இருந்தா நடுங்கற குளிர்! ஸ்டார்ட் லைன்ல கதகதப்பா சுகமா இருந்தா அது ஓட்டத்துக்கு சூடான நாள்னு அர்த்தம்.

2007 சிகாகோ மாரத்தான் இதுக்கு சாட்சி. அக்டோபர் மாசம், சாதாரணமா குளிர்ந்த நாளா இருக்கணும், அன்னிக்கு 31 டிகிரி வரைக்கும் ஏறிடுச்சு, புழுக்கம் வேற. மூணரை மணி நேரம் போல ஆனதும் ஓட்டத்தையே நிறுத்திட்டாங்க. முன்னாடி போனவங்க அதுக்குள்ள முடிச்சுட்டாங்க, நிறுத்தினது யாரைன்னு யோசிச்சுப் பாருங்க, நம்மளைத்தான். இப்ப பல பெரிய ரேஸ்ல பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புன்னு கொடி போட்டு நிலைமையை சொல்றாங்க, கறுப்புன்னா ஓட்டம் ரத்து.

வெயில்னதும் தண்ணி குடி தண்ணி குடின்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுலயும் ஒரு கண்ணி இருக்கு, தேவைக்கு மேல குடிச்சா ரத்தத்துல இருக்கற உப்பு (சோடியம்) நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல முடிச்சவங்கள்ல 488 பேரோட ரத்தத்தை சோதிச்சப்ப 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்கு கீழ இறங்கியிருந்துச்சு. ஓடும்போதே எடை கூடினவங்க, நாலு மணி நேரத்துக்கு மேல எடுத்தவங்க இவங்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். மெதுவா ஓடறவங்களுக்கு ஒவ்வொரு தண்ணி ஸ்டேஷன்லயும் நின்னு நிதானமா குடிக்க நேரம் இருக்கு, அதுவே வினையாகுது. தாகத்துக்கு குடிங்க, தலையிலயும் கழுத்துலயும் ஊத்திக்குங்க, அவ்ளோதான்.

குளிரைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, காஞ்ச குளிர் நண்பன். ஈரமும் காத்தும் சேந்த குளிர் வேற. 2018 பாஸ்டன்ல வெப்பம் 3, 4 டிகிரி, கொட்டற மழை, முகத்துல அடிக்கற எதிர்காத்து, எலீட் ஆட்கள் வரிசையா விலகினாங்க. ஜெயிச்சது யுகி கவாவுச்சி, அப்ப அரசு வேலையில இருந்துக்கிட்டே ஓடினவர், டைம் 2:15:58. பாஸ்டன்ல 1976க்கு அப்புறம் அவ்ளோ ஸ்லோவா யாரும் ஜெயிக்கல, அந்த 1976 என்னன்னா ஸ்டார்ட்லயே 38 டிகிரி அடிச்ச வருஷம். பெண்கள்ல டெஸ் லிண்டன் 2:39:54. நனைஞ்ச துணி சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், விரல் மரத்துப்போய் தெம்புக்கு சாப்பிடற ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, தசை விறைச்சுடும், கடைசியில மெதுவானா உடம்பு உண்டாக்கற சூடும் குறையும், அப்பதான் நடுக்கம் பிடிக்கும்.

காத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற கணக்கு. சுத்தி வர்ற கோர்ஸ்ல போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து, சரியாப் போச்சுன்னு சொல்லுவாங்க. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். 21 கிலோமீட்டர் வேகத்துல ஓடற எலீட் ஆளுக்கு காத்தே இல்லாத நாள்லயும் முகத்துல 21 கிலோமீட்டர் காத்து. எதிர்ல 10 கிலோமீட்டர் காத்து வந்தா அது 31, எதிர்ப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். பின்னாடிலேருந்து அதே 10 வந்தா 11, எதிர்ப்பு கால் பங்கா குறையும். கூடினது 118 சதவீதம், குறைஞ்சது 73 சதவீதம், ரெண்டும் சேந்தா நஷ்டம். அதனாலதான் பேசர்கள் பின்னாடி ஒளிஞ்சு ஓடறாங்க. 2019ல வியன்னால கிப்சோகே 1:59:40 ஓடினப்ப 41 பேசர்கள் மாறி மாறி அவரைச் சுத்தி அணிவகுத்து ஓடினாங்க, முக்கால்வாசி ஏத்த இறக்கமே இல்லாத மரங்கள் அடர்ந்த நேர் ரோடு, தேதி கூட ஒரு வாரத்துக்கு மேல கையில வெச்சுக்கிட்டு வானிலை பாத்துதான் முடிவு பண்ணாங்க. கோர்ஸ், காத்து, குளிர்ச்சி மூணையும் ஒரே நாள்ல நமக்கு வேண்டியபடி அமைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு அது ஒரு சோதனை. பேசர்கள் நடுவுல மாறி மாறி வந்ததாலயும், அது எல்லாருக்கும் திறந்த போட்டியா இல்லாததாலயும் சாதனைப் பட்டியல்ல சேக்கல.

10 கிலோமீட்டர் வேகத்துல ஓடற ஆளுக்கு 10 கிலோமீட்டர் எதிர்காத்து அடிச்சாலும், அவருக்கு வர்ற எதிர்ப்பு எலீட் ஆளு அமைதியான நாள்ல வாங்கறதை விட கொஞ்சம் கம்மிதான். அதனால காத்துல மட்டும் நம்ம கட்சி கொஞ்சம் தப்பிக்குது. பாலத்து மேல, கடற்கரை ரோட்டுல திடீர் திடீர்னு அடிக்கற காத்து மட்டும் யாரையும் விடாது, அங்க பேஸைப் பாக்காம முயற்சியைப் பாத்து ஓடறதுதான் புத்தி, முன்னாடி யாராவது நல்ல முதுகா இருந்தா வெக்கப்படாம பின்னாடி போய் ஒட்டிக்கலாம்.

உயரம் ஒரு வரியில: 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக் 2240 மீட்டர் உயரத்துல நடந்துச்சு, காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கு, மாமோ வோல்டே ஜெயிச்ச டைம் 2:20:26, அதுக்கு முந்தின ஒலிம்பிக்ல டோக்கியோல ஜெயிச்ச டைம் 2:12:11.

இதையெல்லாம் கூட்டி கழிச்சு ஒரு நம்பர் தர்ற கால்குலேட்டர்கள் நெட்ல நிறைய இருக்கு, வெப்பம் போட்டா இத்தனை செகண்ட், ஏத்தம் போட்டா இத்தனை செகண்ட். தோராயமா உதவும், ஆனா அதுங்க ஒவ்வொண்ணையும் தனியா கணக்குப் போட்டு கூட்டுது, ரோட்டுல அப்படி நடக்கறதில்ல. 35வது கிலோமீட்டர் மேடு 8 டிகிரியில ஒரு விலை, 26 டிகிரியில வேற விலை, ஏறும்போது வேகம் குறையும், முகத்துல அடிக்கற காத்து குறையும், சூடு உண்டாகறது மட்டும் குறையாது. வெயில் பழகின உடம்புக்கும் பழகாத உடம்புக்கும் வித்தியாசம் வேற, ரெண்டு வாரம் சூட்டுல ஓடினா ரத்தத்துல தண்ணி அளவு கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதே நாள் அவ்ளோ மோசமா தெரியாது. குளிர்காலம் முழுக்க பயிற்சி எடுத்துட்டு வசந்தத்துல திடீர்னு வர்ற ஒரு சூடான ஞாயித்துக்கிழமை இத்தனை பேரை சாய்க்கறது அதனாலதான், வெப்பநிலை பெருசா இருக்கணும்னே இல்ல, பழகாம இருந்தா போதும்.

டார்கெட்டை மாத்தறதா இருந்தா ஸ்டார்ட் லைன்லயே மாத்திடணும், இருபத்தஞ்சாவது கிலோமீட்டர்ல இல்ல. சூடான நாள்ல முதல் 10 கிலோமீட்டர் பிளான் பண்ண பேஸ்ல ஓடிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு போனா, அந்த 10ல ஏறின உடம்புச் சூடு இறங்கறதுக்கு மிச்ச 32 பத்தாது. முந்தின நாள் ராத்திரி கோர்ஸ் மேப்பை நூறாவது தடவை பாக்கறதுக்கு பதிலா, நீங்க முடிக்கப்போற நேரத்துக்கு டியூ பாயிண்ட் என்ன, மேகம் எவ்ளோ, காத்து எந்தப் பக்கம்னு பாருங்க. ஸ்டார்ட் ஆகற நேரத்து வெப்பம் முன்வரிசைக்காரங்களுக்கானது, உங்களுக்கு வேண்டியது அதுக்கு நாலு மணி நேரம் தள்ளி இருக்கற வரி.